வியட்நாமுக்கு நேர் வழி

"அம்மா, எனக்கு வியட்நாம் போகணும்" என்றார் நல்லசிவம்.

வடிவம்மை முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். தலை நிமிரவில்லை.

"போயிட்டு வாங்க அண்ணாச்சி."

இவ்வளவு சுலபமாகப் பதில் வரும் என்று நல்லசிவம் நினைக்கவில்லை. ஒரு மணி நேரம் வாதாடத் தயாராக வந்திருந்தார். அந்த வாதம் முழுக்க வீணாகப் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஓடு வேய்ந்த சின்ன மடம் அது. மடம் என்றால் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு கூடம், ஓர் அடுப்படி, பின்னால் ஒரு கிணறு.

அங்கே தனியாக இருந்துகொண்டு, வருகிறவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லும் வடிவம்மைக்கு நாற்பத்தோரு வயது. நல்லசிவத்துக்கு அறுபத்தொன்று. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருஷத்துக்கு முன்னால், மடத்துக்கு வரும் கம்பியில் மரக்கிளை உரசுகிறதா என்று பார்க்க வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். வடிவம்மை செம்பைக் கொடுத்து, "உக்காந்து குடிங்க" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவர், செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து உட்காருகிறார்.

தன்னைவிட இருபது வயது இளையவரை அவர் அம்மா என்பார். அந்த அம்மா அவரை அண்ணாச்சி என்பார். இரண்டு பேருக்கும் இதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

"சும்மா போறதில்லம்மா" என்றார் நல்லசிவம். "அர்த்தமுள்ள பயணமா இருக்கணும். செலவும் கையக் கடிக்கக் கூடாது. டிக்கெட் சலுகை வெள்ளிக்கிழமையோட முடியுது. அதுக்குள்ள நீங்க ஒரு வழி சொல்லணும்."

"நான் திருநெல்வேலியத் தாண்டுனது இல்ல."

"தெரியும்."

"பொறகு ஏன் எங்கிட்ட கேக்கீங்க?"

நல்லசிவம் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"ஏன் வியட்நாம்?"

நல்லசிவத்தின் முகம் மலர்ந்தது. "எப்படிப்பட்ட ஊருங்கீங்க! வயலெல்லாம் பச்சைப் பசேல்னு கெடக்கு. ஒரு ஊருல தெரு முழுக்க கலர் கலரா துணி விளக்கு தொங்குது. படகுலயே காய்கறி விக்காங்க. காபி ஒரு சின்ன வடிகட்டியிலேருந்து சொட்டுச் சொட்டா எறங்குது. அது எறங்குற வரைக்கும் அத்தன பேரும் பொறுமையா உக்காந்திருக்காங்க."

"நேருல பாத்த மாதிரியே சொல்லுதீங்களே."

"போட்டோல பாத்தேன்."

"யாரு எடுத்த போட்டோ?"

நல்லசிவம் தொண்டையைச் செருமினார்.

"எங்க சகலை."

வடிவம்மை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

அந்தச் சகலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அக்கா தெய்வானையைக் கட்டியவர் நல்லசிவம். தங்கை பூரணத்தைக் கட்டியவர் ஆறுமுகநயினார். நயினாருக்குத் தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இரண்டு தெரு தூரம்.

மூத்த மருமகன் என்ற பெருமை சாதாரணப் பெருமை இல்லை. மாமனார் வீட்டில் முதல் இலை நல்லசிவத்துக்கு. தீபாவளிக்கு முதல் வேட்டி அவருக்கு. நல்லது கெட்டது எதற்கும் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். இருபத்தாறு வருஷம் இப்படியே போயிற்று. நயினார் இரண்டாவது இலையில் உட்கார்ந்து, பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

அப்படிப்பட்ட நயினார் போன மாசி மாதம் திடீரென்று வியட்நாம் போனார். விமானம் என்றால் பூரணத்துக்குப் பயம். அதனால் தனியாகவே போனார். பத்து நாள்.

தினமும் காலை ஆறு மணிக்குச் சொந்தங்கள் ஒவ்வொருவர் போனிலும் தனித்தனியாகப் போட்டோ வந்து விழும். நல்லசிவம் ஐந்தே முக்காலுக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பார்த்தது தெரிந்துவிடக் கூடாது என்று, அந்த நீல டிக் விழாமல் இருப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று மின்வாரியத்துப் பழைய நண்பர் ஒருவரிடம் கேட்டுச் செய்துகொண்டார். அதன் பிறகு நிம்மதியாகப் பார்த்தார். நிம்மதி என்றா சொன்னேன்? வயிறு எரிய எரியப் பார்த்தார்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க நல்லசிவம் மிகவும் பாடுபட்டார். ஒன்றும் பொருந்தவில்லை.

எங்கள் பக்கத்தில் தூரதேசம் போகிறவரை நெருங்கிய சொந்தங்கள் போய் வழியனுப்ப வேண்டும். திரும்பி வந்ததும் போய் விசாரிக்க வேண்டும். யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனால் செய்யாமல் விட்டால் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். நயினார் கிளம்பிய அன்று நல்லசிவம், "கால் வலி, நடக்க முடியல" என்று சொல்லியனுப்பினார். திரும்பி வந்த அன்றும் அதே கால், அதே வலி.

ஒரு தடவை கால் வலி என்று சொன்ன பிறகு தெருவில் சும்மா நடக்க முடியுமா? நொண்ட வேண்டியதாயிற்று. நயினாரின் கடை வழியாகப் போகாமல் கோயிலைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

இதில் தெய்வானை பாடுதான் பெரிய பாடு. தங்கை வீட்டுக்குப் போனால் வாய்தவறி உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று அவளையும் போக விடவில்லை. கூடப் பிறந்தது அந்த ஒரே ஒரு தங்கைதான். நாலு மாதமாக அடுப்படியில் நின்று, குக்கர் சத்தத்துக்கு நடுவே, இரண்டு தெரு தள்ளி இருக்கிறவளோடு போனில் ரகசியமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"ஒரு நாள் இந்தப் போனும் நிக்கும்" என்று அவள் நேற்று சொன்னாள். "அவ கேக்கா, 'அக்கா, நாங்க என்ன தப்பு பண்ணுனோம்'னு. நான் என்னத்தச் சொல்ல?"

நல்லசிவம் எழுந்து வாசலுக்குப் போனார். வியட்நாம் போய்விட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நினைத்தார்.

இதையெல்லாம் அவர் வடிவம்மையிடம் சொன்னார். கால் சமாச்சாரத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

"திட்டம் ஏதும் போட்டிருக்கீங்களா?" என்றார் வடிவம்மை.

நல்லசிவம் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். மூன்று வாரமாக எழுதியது.

"படிங்க."

"மொத நாள் சைகோன்ல எறங்குதோம். நயினார் ரூம் போட்டுத் தங்குனாரு. நான் எட்டுப் பேரு படுக்கிற ஹாலுல ஒரு கட்டில் மட்டும் எடுக்கேன். பாதிச் செலவு மிச்சம்."

"ம்."

"ரெண்டாம் நாள் நயினார் வண்டி பிடிச்சு ஊரச் சுத்துனாரு. நான் நடந்தே சுத்துதேன். நடந்தாத்தான ஊரு தெரியும்?"

"ம்."

"மூணாம் நாள் நயினார் படகுல ஒரு மணி நேரம் போனாரு. நான் ரெண்டு மணி நேரம் போறேன். ஆறாம் நாள் விளக்குத் தெரு. நயினார் ஆத்துல ஒரு விளக்குதான் மெதக்க விட்டாரு. நான் மூணு விடுதேன்."

"அர்த்தம் வேணும்னீங்களே. அது எந்த நாள்?"

"அது பதினோராம் நாள்" என்றார் நல்லசிவம் பெருமையாக. "நயினார் பத்து நாள்ல திரும்பிட்டாரு. நான் ஒரு நாள் கூட இருந்து, அன்னைக்கு முழுக்க தியானம்."

வடிவம்மை இன்னொரு கல்லைப் பொறுக்கி எடுத்தார்.

"இந்த நோட்டுல நயினாரு எத்தன எடத்துல வாராரு?"

நல்லசிவம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எண்ணினார். பக்கம் புரட்டிப் புரட்டி எண்ணினார்.

"பத்தொம்பது."

"உங்க பேரு?"

மறுபடியும் புரட்டினார்.

"அட்டையில இருக்கு."

"அப்போ ரெண்டு டிக்கெட்டுல்லா போடணும் அண்ணாச்சி. செலவு கூடிருமே."

நல்லசிவத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

"வேடிக்கை பண்ணாதீங்கம்மா. நான் செலவக் கொறைக்க வழி கேக்கேன்."

வடிவம்மை முறத்தைத் தரையில் வைத்து, உளுந்தை உள்ளங்கையால் சமமாகப் பரப்பினார்.

"பிளேன் எங்க ஏறணும்?"

"திருச்சியில."

"திருச்சிக்கு?"

"பஸ்சு."

"பஸ் ஸ்டாண்டுக்கு?"

"ஆட்டோ."

"உங்க வீட்டுலேருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழிய இதுல போட்டுக் காட்டுங்க."

நல்லசிவம் விரலால் உளுந்தில் கோடு இழுத்தார். வீட்டில் தொடங்கி வடக்கே போனார். கோயிலைச் சுற்றினார். தேரடி வந்தது. சந்தை வந்தது. பிறகு தெற்கே இறங்கி ஒருவழியாக பஸ் ஸ்டாண்டை அடைந்தார். கோடு குதிரை லாடம் மாதிரி வளைந்து கிடந்தது.

"இதுக்கு நடுவுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. கடைங்கதான்."

"என்ன கடை?"

"பழக்கடை. மருந்துக் கடை." நல்லசிவம் கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு ஜெராக்ஸ் கடை."

வடிவம்மை வீட்டின் மேல் விரலை வைத்தார். நேராக பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்தார். ஒரு சாண் கூட இல்லை.

"இப்படிப் போங்க. ஆட்டோவே வேண்டாம்."

பிறகு உளுந்தைக் குவித்து டப்பாவில் கொட்டி மூடினார். அன்றைய பாடம் முடிந்தது.

நல்லசிவம் கோபமாக வீட்டுக்குப் போனார். திருநெல்வேலியைத் தாண்டாத ஆளிடம் போய் வியட்நாமுக்கு வழி கேட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஆனாலும் ஆறு வருஷப் பழக்கம். சொன்னதைச் செய்யாமல் இருக்கவும் முடியவில்லை.

புதன்கிழமை காலையில் குடையோடு கிளம்பினார். ஆனி கடைசி, சாரல் காலம். கையில் குடை இருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நேர்த் தெருவில் இறங்கினார். பழக்கடை வந்தது. மருந்துக் கடை வந்தது. குடையை இடப் பக்கமாக நன்றாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஞாபகமாக நொண்டிக்கொண்டு, விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேர்ந்தார். மூச்சு வாங்கியது.

செவ்வாய்க்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. வியாழக்கிழமை காலையிலேயே மடத்தில் போய் நின்றார்.

"போயிட்டேம்மா. நேர் வழியிலயே போயிட்டேன்."

"என்ன பாத்தீங்க?"

நல்லசிவம் யோசித்தார். பொய் சொல்ல வரவில்லை.

"என் செருப்பப் பாத்தேன்."

வடிவம்மை எழுந்து வந்தார். அவர் கையிலிருந்த குடையை வாங்கிக் கூடத்து ஆணியில் மாட்டினார்.

"இது இங்க கெடக்கட்டும்."

"சாரல் அடிக்குதேம்மா! நனைஞ்சிருவேனே?"

"வியட்நாம்லயும் மழை பெய்யும்லா."

சொல்லிவிட்டு வடிவம்மை அடுப்படிக்குள் போய்விட்டார்.

நல்லசிவம் பஸ் ஏறித் தென்காசியில் வந்து இறங்கும்போது வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. மழைக்கு முன்னால் வீடு சேர்ந்துவிடலாம் என்று நேர்த் தெருவிலேயே நடந்தார். பாதித் தெருவில் மழை பிடித்துக்கொண்டது. சாரல் என்று சொல்வதற்கில்லை, மலையிலிருந்து காற்றோடு சாய்ந்து அடித்தது. சட்டைப் பையில் போன் இருந்தது. பையில் மூன்று வார நோட்டு இருந்தது. யோசிக்க நேரமில்லை. கண்ணில் பட்ட முதல் கூரைக்கு ஓடினார்.

ஓடி வந்து நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தார்.

ஜெராக்ஸ் கடை.

"அண்ணாச்சி!" உள்ளேயிருந்து நயினார் எழுந்து வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். "கால் சரியாயிட்டா? என்னமா ஓடி வாரீங்க!"

நொண்ட மறந்தது அப்போதுதான் நல்லசிவத்துக்கு உறைத்தது. இனிமேல் நொண்டினால் நன்றாக இருக்காது.

"கொஞ்சம் பரவால்ல" என்றார்.

"வாங்க, உக்காருங்க. இதுல உக்காருங்க."

கடை ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகள் கிடந்தன. முழங்கால் உயரம் கூட இல்லை. அதில் உட்கார்ந்தபோது நல்லசிவத்தின் முட்டி இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டன.

"அங்கன எல்லாரும் தெருவுல இப்படித்தான் உக்காருவாங்க அண்ணாச்சி. பெரிய ஆபீசரும் இதான், கூலிக்காரரும் இதான். அங்கேருந்து வந்ததும் ரெண்டு வாங்கிப் போட்டேன்." நயினார் எதிர் முக்காலியில் உட்கார்ந்தார். "நாலு மாசத்துல அந்த முக்காலியில உக்காந்த மொத ஆளு நீங்கதான்."

நல்லசிவம் மழையைப் பார்த்தார். அது நிற்பதாக இல்லை.

நயினார் அலமாரியிலிருந்து ஒரு சின்னத் தகர வடிகட்டியை எடுத்தார். கண்ணாடி டம்ளரில் கெட்டிப் பாலை ஊற்றி, அதன் மேல் வடிகட்டியை வைத்து, காபித் தூளைப் போட்டு, பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றினார். இன்னொரு டம்ளரிலும் அதே மாதிரி. சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது.

நல்லசிவம் குனிந்து பார்த்தார். போட்டோவில் பார்த்த அதே வடிகட்டி. அதே சொட்டு. ஜெராக்ஸ் கடைக்குள் ஒரு வியட்நாமே வைத்திருக்கிறான் மனுஷன்! இவனுக்கு எங்கிருந்து இவ்வளவு பணம் வந்தது? எப்படியும் ஏமாந்து கூடக் கொடுத்திருப்பான். அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும், இன்றைக்கு ராத்திரி தூக்கம் வரும். எவ்வளவு ஆச்சு என்று கேட்க வாயைத் திறந்தார்.

"எல்லாரும் வீட்டுக்கு வந்தாங்க அண்ணாச்சி" என்றார் நயினார், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "அண்ணன் தம்பி, அக்கம்பக்கம், எல்லாரும் வந்து விசாரிச்சாங்க. ரெண்டே கேள்விதான். எவ்வளவு ஆச்சு? என்ன வாங்கிட்டு வந்தே? சொன்னதும் எந்திரிச்சுப் போயிட்டாங்க."

நல்லசிவம் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு பேரும் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது கேட்டாக வேண்டும். விலையைத் தவிர வேறு என்ன கேட்பது என்று நல்லசிவத்துக்குத் தெரியவில்லை. நாலு மாதமாக மனசுக்குள் கிடந்த ஒன்று தானாக வெளியே வந்தது.

"அந்த ரெண்டாம் நாள் போட்டோ" என்றார். "நீரு ரோட்டு ஓரத்துல நிக்கீரு. உம்ம கைய இன்னொரு கை பிடிச்சிருக்கு. கை மட்டும்தான் தெரியுது. யாரு கை வே அது?"

நயினார் அவரையே பார்த்தார்.

"அதப் பாத்தீங்களா நீங்க?"

"பாத்தேன்."

"நீங்க ஒரு போட்டோ கூட பாக்கலன்னுல்லா நெனச்சேன். நீல டிக் விழவே இல்லியே அண்ணாச்சி. தெனமும் பாப்பேன். எல்லாருக்கும் விழும். உங்களுக்கு விழாது."

நல்லசிவம் முக்காலியில் நெளிந்தார்.

"அந்தக் கைய ஒருத்தரும் கேக்கல" என்றார் நயினார். "பூரணம் கூட கேக்கல." அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "ரெண்டாம் நாள் காலையில ரோட்டக் கடக்கணும். அங்கன ரோடுன்னா நம்ம ஊரு ரோடு மாதிரி இல்ல. மோட்டார் சைக்கிள் ஆறு மாதிரி போயிட்டே இருக்கு. நிக்கவே நிக்காது. நான் ஓரத்துல ஒரு மணி நேரம் நின்னேன் அண்ணாச்சி. பயந்து போயி நின்னேன். சரி, நின்னதுக்கு ஒரு போட்டோவாவது எடுப்போம்னு காபிக் கடைக்காரர்கிட்ட போனக் கொடுத்தேன். அவரு எடுக்கும்போது ஒரு பொம்பள வந்து என் மணிக்கட்டப் பிடிச்சா. லாட்டரிச் சீட்டு விக்கிறவ. பூரணம் வயசுதான் இருக்கும். ஒண்ணும் பேசல, நான் போன வாங்கிப் பையில போட்டதும் இழுத்துட்டு நடந்தா."

"நடு ரோட்டுலயா?"

"நடு ரோட்டுல! நிக்கவும் கூடாது, ஓடவும் கூடாது. ஒரே சீரா நடக்கணும். வண்டிக்காரங்க நம்மளப் பாத்து ஒதுங்கிப் போயிக்கிட்டே இருப்பாங்க. அந்தப் பக்கம் கொண்டு போயி விட்டா. நான் நன்றி சொல்லத் திரும்புனா, அவ மறுபடியும் ரோட்டுல எறங்கிட்டா. வந்த பக்கத்துக்கே போறா. அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு சோலியும் இல்ல அண்ணாச்சி. எனக்காக மட்டும் வந்திருக்கா."

நல்லசிவம் காபியை மறந்திருந்தார். "பொறகு?" என்றார்.

நயினார் அந்தச் சொல்லுக்காகத்தான் நாலு மாதம் காத்திருந்தவர் மாதிரி முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"பொறகு பசிச்சுது. ஒரு கடையில 'சாய்'னு போர்டு. டீக்கடைன்னு உள்ள போயி உக்காந்துட்டேன். பாத்தா சோறும் குழம்பும் கொண்டாந்து வைக்காங்க. அங்கன சாய்னா சைவச் சாப்பாடாம்! ஒரு வாய் வச்சேன். நல்லாருந்துச்சு. ஆனா பருப்புப் பொடி இருந்தா இன்னும் நல்லாருக்கும்னு தோணுச்சு. பூரணம் கொடுத்துவிட்டது பையில இருந்துச்சு. எடுத்துப் போட்டுப் பெசஞ்சேன். கடைக்காரம்மாவும் ஒரு கை வாங்கித் தின்னு பாத்தா."

"தின்னாளா?"

"தின்னுட்டு இன்னொரு தடவ கை நீட்டுனா."

நல்லசிவம் சிரித்துவிட்டார். நாலு மாதத்தில் நயினார் பெயரோடு சேர்ந்து வந்த முதல் சிரிப்பு அது.

"அங்கேருந்து நம்ம மாரியம்மன் கோயிலுக்குப் போனேன்" என்றார் நயினார்.

"மாரியம்மனா? அந்த ஊருலயா?"

"அந்த ஊருலதான். ரொம்ப வருஷத்துக்கு முன்னால நம்ம ஆளுங்க கட்டுனதாம். இப்போ அந்த ஊருக்காரங்கதான் கூட்டமா வந்து கும்பிடுதாங்க. கல்லுச் சுவத்துல நெத்திய வச்சு, காதோட காதா ரகசியம் சொல்லுத மாதிரி, அவங்க பாஷையில ஆத்தாகிட்ட என்னமோ சொல்லுதாங்க. நானும் போயி நெத்திய வச்சேன்."

அவர் வடிகட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். காபி முழுக்க இறங்கியிருந்தது.

"உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு அண்ணாச்சி. நான் எதுக்கு அவ்வளவு தூரம் போனேன் தெரியுமா? மாமா வீட்டுல இருபத்தாறு வருஷமா உங்களுக்கு மொத இலை. எனக்கு ரெண்டாவது. சாம்பாரு உங்க இலைக்கு வந்துட்டுத்தான் என் இலைக்கு வரும். ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். ஒரே ஒரு எடத்துக்காவது உங்களுக்கு முன்னால போயி நின்னுரணும்னு நெனச்சேன். அஞ்சு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா சேத்து வச்சுப் போனேன்."

நல்லசிவத்துக்கு மழைச் சத்தம் கேட்கவில்லை.

"செயிச்சுட்டேன் தாயேன்னு சொல்லத்தான் அந்தச் சுவத்துல நெத்திய வச்சேன். வாயில அது வரல."

"வேற என்ன வந்துச்சு?"

"'அண்ணாச்சி கூட வரலையே ஆத்தா'ன்னு வந்துச்சு."

தெருவில் ஒரு பஸ் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது. நல்லசிவம் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். ரொம்ப இனிப்பாக இருந்தது. 

"எனக்கும் எரிஞ்சுது வே" என்றார். "நாலு மாசமா தூக்கம் இல்ல. உம்ம போட்டோ ஒவ்வொண்ணையும் பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தேன். எங்கயாவது நீரு கஷ்டப்பட்ட மாதிரி தெரியுதான்னு பாத்தேன். எங்கால்ல ஒண்ணும் இல்ல. நல்ல கால்தான்."

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி."

"எப்படித் தெரியும்?"

"கோயில் பக்கம் பாக்கும்போது ஒரு நாள் எடது காலு நொண்டுவீங்க, ஒரு நாள் வலது காலு."

நல்லசிவம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழையில் நனைந்த முகம்தான் என்று நயினார் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். வடிகட்டிகளைக் கழுவப் போய்விட்டார்.

வெகு நேரம் கழித்து நல்லசிவம் போனை எடுத்தார். வீட்டுக்குப் பேசினார்.

"தெய்வானை, நான் நயினாரு கடையில இருக்கேன். மழை விட்டதும் நீ பூரணம் வீட்டுக்குப் போயிட்டு வா."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"மழை விடணுமாக்கும்" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை. மடத்தில் வடிவம்மை ஊறப் போட்ட உளுந்தை ஆட்டிக்கொண்டிருந்தார். நல்லசிவம் வந்து உட்கார்ந்தார். ஆணியில் குடை தொங்கிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை போயிருச்சே அண்ணாச்சி" என்றார் வடிவம்மை.

"போயிருச்சும்மா."

"டிக்கெட் போட்டாச்சா?"

"இல்லம்மா."

"வீட்டுல அவுங்க நல்லாருக்காங்களா?"

"தங்கச்சி வீட்டுல இருக்கா. மழையில நனைஞ்சுக்கிட்டே போனவ, இன்னும் வரல. துணிமணி கொண்டு போயிக் கொடுத்துட்டு வந்தேன்."

வடிவம்மை மாவை வழித்துப் பாத்திரத்தில் போட்டார்.

"அப்போ வியட்நாம் வேண்டாம்னு ஆயிட்டா?"

நல்லசிவம் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அவசரமாக எழுந்தார். குடையை எடுக்காமலே வாசல் இறங்கினார்.

"யாரு சொன்னா வேண்டாம்னு? நயினாரு கடைக்கு நாலு மணிக்கு வாரேன்னு சொல்லியிருக்கேம்மா. அவரு சொல்லிச் சொல்லி இன்னும் மூணாம் நாளுக்கே வரல."